அமெரிக்க மாநிலச் சட்டங்களுக்குள் சர்ச் எப்படி நுழைகிறது?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேலோட்டமாகத் தெரிவது ஒன்று. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டுக்குக் குடிபோன உங்கள் அண்ணன் வீட்டுக்கு, பிள்ளைக்குச் சில தடுப்பூசிகள் குறைகின்றன என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 'மதக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது' என்று அவருடன் வேலை செய்பவர் சொல்லியிருக்கிறார். அப்படி எழுதலாமா என்கிறீர்கள். அதற்கு அடியில் இருப்பது இன்னொன்று. மதம் வேறு, அரசு வேறு என்று சாசனத்திலேயே எழுதிவைத்த நாட்டில், ஒரு சுகாதாரச் சட்டத்துக்குள் மதத்துக்கு எப்படி இடம் கிடைத்தது? சர்ச்சுகள் சட்டமன்றத்தை ஆட்டிவைக்கின்றனவா? இரண்டாவதற்குத்தான் நீண்ட பதில் வேண்டும். முதலாவது எளிது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சொல்வது யார் என்று தெரிந்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவுசெய்ய முடியும். நான் செவிலியர். ஓரிகன் மாநிலத்தில் ஒரு கவுன்ட்டியின் (நம் மாவட்டம் போன்றது) பொதுச் சுகாதார அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் தடுப்பூசிப் பிரிவில். சட்டமன்றம் கூடும் மாதங்களில் அலுவலகத்தின் சார்பில் தலைநகருக்குப் போய் மசோதாக்களைப் பின்தொடர்வதும், குழுவின் முன் உட்கார்ந்து சாட்சியம் சொல்வதும் அந்த வேலையில் சேர்த்தி. தலைநகரின் பெயர் சேலம். நம் சேலத்துக்கு மாம்பழம் என்றால் அந்தச் சேலத்துக்குச் செர்ரிப் பழம். செர்ரி நகரம் என்பதுதான் ஊரின் பட்டப்பெயர். நான் வழக்கறிஞர் அல்ல, ஆகவே சட்ட நுணுக்கத்தில் என் சொல்லை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் வளர்ந்தது நெய்யூர்ப் பக்கம், 1838இல் லண்டன் மிஷன்காரர்கள் மருத்துவப் பணி தொடங்கிய ஊர். காய்ச்சல் வந்தால் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய வீட்டுப் பெண் நான். சர்ச் என்றாலே மருத்துவத்துக்கு விரோதி என்ற எண்ணம் எனக்குக் கிடையாது. அந்த எண்ணத்தோடு நீங்கள் கேட்டிருந்தால் என் பதில் சற்று ஏமாற்றம் தரலாம்.

ஐயத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க சாசனத்தின் முதல் திருத்தம் கட்டிப்போடுவது அரசைத்தான். அரசு ஒரு மதத்தை நிறுவக் கூடாது; ஒருவர் தன் மதப்படி வாழ்வதைத் தடுக்கக் கூடாது. மதத்தைச் சேர்ந்தவர்கள் அரசிடம் போய்ப் பேசக் கூடாது என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. போதகர்கள் மக்கள் பிரதிநிதிகளாவதற்குத் தடை விதித்த டென்னசி மாநில விதி ஒன்றை 1978இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. வரிவிலக்கு பெறும் அமைப்பு என்பதால் சர்ச்சுக்கு ஒரு கடிவாளம் உண்டு. 1954இல், அப்போது செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த திருத்தம் அது. வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ சர்ச் தேர்தலில் இறங்கக் கூடாது. ஆனால் மசோதாவை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், அதற்காக ஆள் வைத்துக்கொள்ளலாம். அந்த வேலை அமைப்பின் மொத்தச் செயல்பாட்டில் கணிசமான பங்காகிவிடக் கூடாது, அவ்வளவுதான். கணிசம் என்றால் நூற்றுக்கு எத்தனை என்று சட்டம் சொல்லவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் கத்தோலிக்க ஆயர்கள் ஒன்றுசேர்ந்து, சட்டமன்ற வேலைக்கென்றே ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். லூத்தரன், மெதடிஸ்ட், யூத, முஸ்லிம் அமைப்புகளும் வந்துபோகின்றன. எல்லாரும் மாநிலத் தலைநகரைச் சுற்றுவதற்குக் காரணம், பள்ளித் தடுப்பூசி, மருத்துவமனை உரிமம், குழந்தைப் பாதுகாப்பு போன்றவை பெரும்பாலும் மாநிலத்தின் கையில் இருப்பவை. பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயப்படுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1905இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அந்த வழக்கில் 5 டாலர் அபராதம் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றவர், மாசசூசெட்ஸில் இருந்த ஒரு லூத்தரன் போதகர்.

ஆக, சர்ச் வரலாமா என்பது கேள்வியே இல்லை. என்ன கேட்டு வருகிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை சில நேரம் பிறருக்காகக் கேட்டு வருகிறார்கள், சில நேரம் ஊர் முழுவதற்கும் ஒரே விதி வேண்டும் என்று வருகிறார்கள், சில நேரம் தங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு கேட்டு வருகிறார்கள். முதல் இரண்டும் பத்திரிகையில் வரும். மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் நிலைத்து நிற்பது மூன்றாவதுதான்.

பிறருக்காகக் கேட்பதற்கு மெடிக்கெய்ட் நல்ல எடுத்துக்காட்டு. ஏழைகளுக்கான அந்த அரசுக் காப்பீட்டை விரிவாக்குவதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவுசெய்யலாம் என்று 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், ஐம்பது தலைநகரங்களிலும் சண்டை தொடங்கியது. ஒஹாயோவில் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் கேசிக், இறந்தபின் சொர்க்க வாசலில் நிற்கும் புனித பேதுரு நம்மிடம் அரசாங்கத்தைச் சிறியதாக வைத்திருந்தாயா என்று கேட்கப்போவதில்லை, ஏழைகளுக்கு என்ன செய்தாய் என்றுதான் கேட்பார் என்று தன் கட்சிக்காரர்களிடமே வாதாடினார். 2013இல் வட கரோலினாவில் வில்லியம் பார்பர் என்ற போதகரின் தலைமையில் திங்கட்கிழமைதோறும் சட்டமன்றத்துக்குள் நுழைந்து பாடி, ஜெபித்து, கைதாகும் போராட்டம் ஏப்ரல் மாதக் கடைசியில் தொடங்கியது. முதல் நாள் பதினேழு பேர் கைதானார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தொள்ளாயிரத்தைத் தாண்டியது. அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று மெடிக்கெய்ட். அது அங்கே சட்டமானது 2023 மார்ச்சில், நடைமுறைக்கு வந்தது அந்த டிசம்பர் முதல் தேதி. பத்தாண்டு ஜெபத்தின் பலன் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. இடைப்பட்ட காலத்தில் மத்திய அரசு 2021இல் கூடுதல் பணம் தருவதாகச் சொன்னது, கிராமத்து மருத்துவமனைகள் தள்ளாடின, எதிர்த்து நின்ற கட்சித் தலைவர்களே கணக்குப் பார்த்து மனம் மாறினார்கள். கைதானவர்கள் அந்தக் கோரிக்கை செத்துப்போகாமல் காத்தார்கள் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல எந்த ஆய்வும் உதவாது.

இரண்டாவது வகைக்கு எங்கள் மாநிலத்தை விட்டால் வேறு இடம் தேட வேண்டாம். ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று மருத்துவர்கள் கணித்த நோயாளி, தானே குடித்து உயிரை முடித்துக்கொள்ள மருந்துச் சீட்டு எழுதித் தரலாம் என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதலில் ஏற்றது ஓரிகன். 1994 வாக்கெடுப்பில் 51 சதவீத ஆதரவுதான் கிடைத்தது. அதை ரத்து செய்யக் கோரி 1997இல் இரண்டாம் வாக்கெடுப்பு வந்தபோது, கத்தோலிக்கத் தரப்பு முழுப் பலத்தோடு இறங்கியது. விளைவு தலைகீழ்: 60 சதவீதம் பேர் ரத்து வேண்டாம் என்றார்கள். மாசசூசெட்ஸில் 2012இல் இதே கேள்வி வந்தபோது அங்கே சர்ச் பக்கம் 51க்கு 49 என்று மயிரிழையில் வென்றது. கலிபோர்னியாவில் 2015இல் மசோதா கீழவைச் சுகாதாரக் குழுவிலேயே முடங்கியது. பிறகு சிறப்புக் கூட்டத்தொடரில் வேறு எண்ணோடு வந்து நிறைவேறியது. கையெழுத்திட்ட ஆளுநர் ஜெரி பிரௌன் இளமையில் இயேசு சபைக் குருமடத்தில் படித்தவர். ஓர் ஆயரையும் கலந்து பேசிவிட்டு, கடைசியில் என் சாவை நினைத்துப் பார்த்தேன் என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஊர் அறிய நடக்கும் இந்தச் சண்டைகளில் சர்ச் வெல்வதும் உண்டு, தோற்பதும் உண்டு, மற்ற எந்தச் சங்கத்தையும் போலத்தான். ஆனால் ஓரிகன் சட்டத்தைத் திறந்து படித்தால் ஒரு பிரிவு கண்ணில் படும். எந்த மருத்துவரும், எந்த மருத்துவமனையும் இதில் பங்கேற்கக் கட்டாயமில்லை. கத்தோலிக்க மருத்துவமனைகள் நிறைந்த மாநிலத்தில் இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வாக்கெடுப்பில் தோற்ற தரப்புக்குச் சட்டத்தின் வாசகத்தில் ஓர் ஓரம் கிடைத்திருக்கிறது. அதை நான் தவறு என்று சொல்லவில்லை. மனம் ஒப்பாத செவிலியரை அந்த அறைக்குள் தள்ளுவதை நானும் விரும்ப மாட்டேன்.

இனி மூன்றாவது. இதை ஒரு காலைப் பொழுதை வைத்துச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு சிறிய பரிசோதனை பற்றிய மசோதா. குழு அறையில் பதினைந்து பேர்கூட இல்லை. சாட்சி மேஜையில் நேரம் காட்டும் விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. எனக்கு முன்னால் பேசியவர் ஒரு சிறிய சர்ச்சின் சார்பில் பல ஆண்டுகளாக அந்தக் கட்டடத்துக்கு வந்துபோகும் முதியவர். சாம்பல் நிற கோட்டு, கையில் மசோதாவின் பிரதி, பக்க ஓரத்தில் பென்சில் குறி. மசோதாவை எதிர்க்கவில்லை என்று தொடங்கினார். பிள்ளைகள் நலனுக்கான முயற்சி என்று பாராட்டினார். இரண்டாம் பக்கம், பதினான்காம் வரிக்குப் பின், பெற்றோரின் மத நம்பிக்கைக்கு முரணானால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன் என்றார். பச்சை விளக்கு மஞ்சளாவதற்குள் முடித்துவிட்டார். குழுத் தலைவர் என்னைப் பார்த்து, உங்கள் அலுவலகத்துக்கு ஆட்சேபம் உண்டா என்றார். பரிசோதனைதானே, சிகிச்சை இல்லையே; மசோதா பிழைத்தால் போதும் என்றிருந்த நான், இல்லை என்றேன். அடுத்த வாரம் 'டேஷ் ஒன்' வந்தது. திருத்தங்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள், மசோதா எண்ணை அடுத்து ஒரு கோடு, ஓர் எண். விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அன்று வெளியே வரும்போது அந்தப் பெரியவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்படிச் சேர்ந்த வரிகள் சட்டத் தொகுப்பு முழுவதும் கிடக்கின்றன. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு விலக்கு, வைட்டமின் கே மருந்துக்கு விலக்கு. கூச்சல் போட்டு வாங்கியவை அல்ல இவை. வரி எண்ணோடு வந்து, மரியாதையாகக் கேட்டு வாங்கியவை.

அந்த மரியாதைக்கு மிக நீண்ட வரலாறு உள்ள சர்ச், 1879இல் மேரி பேக்கர் எடி தொடங்கிய கிறிஸ்டியன் சயின்ஸ். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டது. மருந்துக்குப் பதில் ஜெபத்தால் குணம் காண்பது அவர்கள் வழி. மாநிலம்தோறும் பத்திரிகைகளோடும் சட்டமன்றத்தோடும் பேசுவதற்கென்றே அவர்களுக்கு ஓர் அலுவலர் உண்டு. 1974 ஜனவரியில் குழந்தை வதைத் தடுப்புக்கான மத்திய சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்த மத்திய சுகாதாரத் துறை எழுதிய விதியில், தங்கள் மத நம்பிக்கைப்படி நடந்து, அதனால் குழந்தைக்கு மருத்துவம் தராத பெற்றோரை அலட்சியம் செய்தவர்களாகக் கருதக் கூடாது என்ற வாசகம் நுழைந்தது. மத்திய நிதி வேண்டுமென்றால் மாநிலமும் அப்படி ஒரு விலக்கை வைத்திருக்க வேண்டும். பணம் யாருக்குக் கசக்கும்? பெரும்பாலான மாநிலங்கள் எழுதிக்கொண்டன. 1983இல் மத்திய அரசு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. மாநிலச் சட்டங்களில் ஏறிய வரி மட்டும் பல இடங்களில் இறங்கவே இல்லை. அப்போதைய அதிபர் நிக்சனின் வலக்கரங்களாக இருந்த ஹால்டெமன், எர்லிக்மன் இருவரும் கிறிஸ்டியன் சயின்ஸ்காரர்கள், அவர்கள் செய்த வேலைதான் இது என்று அடிக்கடி படிப்பீர்கள். அவர்கள் அந்தச் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் இருவரும் வாட்டர்கேட் விவகாரத்தில் 1973 ஏப்ரலிலேயே பதவி விலகிவிட்டார்கள். தேதியைப் பார்த்தபின் அந்தக் கதையை நான் பிறருக்குச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இனிதான் எங்கள் மாநிலத்தின் வேதனை. போர்ட்லண்டுக்குத் தெற்கே ஓரிகன் சிட்டி என்ற சிறிய நகரம். அங்கே 'ஃபாலோயர்ஸ் ஆஃப் கிரைஸ்ட்' என்ற ஒரு சபை இருக்கிறது. நோய் வந்தால் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள், மருத்துவரிடம் போக மாட்டார்கள். கிறிஸ்டியன் சயின்ஸுக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சட்டமன்றத்துக்கு வந்து பேசும் வழக்கமும் இவர்களுக்குக் கிடையாது. வெளியாரிடம் வாய் திறப்பதே அபூர்வம். 1998இல் 'ஓரிகோனியன்' நாளிதழ் அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தை ஆராய்ந்தது. அங்கே புதைக்கப்பட்டிருந்த 78 சிறார்களில் குறைந்தது 21 பேர் சாதாரண மருத்துவத்திலேயே பிழைத்திருக்கக்கூடியவர்கள் என்று எழுதியது. அதே ஆண்டு 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, நாடு முழுவதும் 1975 முதல் 1995 வரை மதக் காரணத்தால் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளைக் கணக்கெடுத்தது. அவர்களில் 140 பேருக்குச் சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். ஆய்வாளர்கள் இருவரில் ஒருவர் ரீட்டா ஸ்வான். கிறிஸ்டியன் சயின்ஸில் இருந்தபோது 1977இல் தன் கைக்குழந்தையை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, வெளியே வந்து, மீதி வாழ்நாளை இந்த விலக்குகளை எடுப்பதற்கே செலவிட்டவர். அவர் ஒரு தரப்பைச் சேர்ந்தவர் என்பதை மனத்தில் வைத்துத்தான் அந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனால் செவிலியராக அந்தப் பட்டியலைப் பார்த்தால், நிமோனியா, இன்சுலின் கிடைக்காத நீரிழிவு என்று போகும் வரிகளில் தரப்பு பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

1999இல் ஓரிகன் சட்டமன்றம் விலக்கைப் பாதி எடுத்தது. பேரம் பேசிச் செய்த வேலை என்பதால் ஒரு கோணல் மிஞ்சியது: ஒப்பீட்டில் குறைந்த சில குற்றங்களுக்கு விலக்கு போனது, கடுமையான கொலைக் குற்றச்சாட்டுகளுக்கு விலக்கு தங்கியது. 2008இலும் அடுத்த ஆண்டும் அதே சபையில் மறுபடி மரணங்கள். நுரையீரல் தொற்றில் ஒரு கைக்குழந்தை, சிறுநீர்ப் பாதை அடைப்பில் ஒரு பதின்வயதுப் பையன், குறைமாதத்தில் பிறந்த ஒரு சிசு. 2011இல் மீதி விலக்கும் போனது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் ஜான் கிட்ஸாபர் ஒரு மருத்துவர். அதன்பின் மரணங்கள் நின்றனவா? முழுக்க நிற்கவில்லை; 2017இலும் ஒரு பச்சிளங்குழந்தை இறந்து, பெற்றோர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். குறைந்தனவா என்றால், சபையில் சிலர் இப்போது பிள்ளைகளை மருத்துவரிடம் கொண்டுவருகிறார்கள் என்று பேச்சு உண்டு. எண்ணிக்கை மிகச் சிறியது, அதை வைத்துச் சட்டத்தின் பலன் என்று புள்ளிவிவரம் காட்ட முடியாது. பக்கத்து மாநிலம் ஐடஹோவில் இதே சபையின் கிளை இருக்கிறது, விலக்கும் அப்படியே இருக்கிறது. 2017இல் அதை மாற்ற வந்த மசோதா செனட்டில் 11க்கு 24 என்று விழுந்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். விலக்கைக் கேட்டு வாங்கியது ஒரு சர்ச், அதன் நிழலில் குழந்தைகளைப் புதைத்தது இன்னொரு சபை. கேட்டவர்கள் படித்தவர்கள், நயமாகப் பேசுபவர்கள்; அவர்களைப் பார்த்துத்தான் சட்டமன்றம் அந்த வரியை எழுதியது. ஆனால் சட்டத்தின் வரிக்கு முகம் பார்க்கத் தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவரின் திருத்தத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் சொன்னது அன்றைக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. இப்போது யார் விலக்கு கேட்டாலும், இதை உங்களைத் தவிர யாரெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று குழுவில் கேட்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

அதற்காக விலக்கே கூடாது என்ற கட்சியிலும் நான் இல்லை. அமெரிக்காவில் மத விலக்கு பற்றிய மிகப் பெரிய வழக்கு ஓரிகனிலிருந்துதான் போனது. அமெரிக்கப் பூர்வகுடியினரின் வழிபாட்டில் பெயோட்டே என்ற கள்ளியை உண்டதற்காக இருவர் வேலை இழந்தார்கள், வேலையின்மை உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எல்லாருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மதத்தின் பேரில் விலக்குக் கேட்கச் சாசனம் உரிமை தரவில்லை, வேண்டுமானால் சட்டமன்றத்திடம் கேளுங்கள் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிறிய மதங்களுக்கு அது பாதகமாக முடியலாம் என்றும் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே ஓரிகன் சட்டமன்றம் வழிபாட்டில் பெயோட்டே உண்பதற்கு இடம் கொடுத்தது. நியாயமான விலக்கு. உண்பவர் பெரியவர், உடம்பு அவருடையது. குழந்தை விஷயம் அப்படியில்லை. பெற்றோர் தாங்கள் தியாகிகளாகலாம், பிள்ளைகளைத் தியாகிகளாக்க முடியாது என்று 1944இலேயே அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு மருத்துவத்தைப் பற்றியது அல்ல, தெருவில் மதப் பத்திரிகை விற்ற ஒரு சிறுமியைப் பற்றியது என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

தடுப்பூசிக்கு வருகிறேன். பழைய ஓரிகன் படிவத்தில் 'மத விலக்கு' என்றே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், விதியில் மதம் என்பதற்குக் கொடுத்த விளக்கம் நம்பிக்கைகள், பழக்கங்கள், அறநெறிகள் கொண்ட எந்த ஒழுங்குமுறையும் என்று விரிந்திருந்தது. சைவ உணவுப் பழக்கம்கூட அதற்குள் அடங்கும் என்று அலுவலகத்தில் சிரிப்போம். பெரிய மதங்கள் எதுவும் தடுப்பூசியைக் கொள்கையாக எதிர்க்கவில்லை. கருக்கலைப்போடு தொடர்புள்ள உயிரணுக்களில் வளர்த்த தடுப்பூசி பற்றி வத்திக்கானுக்குச் சங்கடம் உண்டு. வேறு வழி இல்லாதபோது போட்டுக்கொள்ளலாம் என்று அதுவே சொல்லிவிட்டது. ஆக மதத்தின் பெயரில் நின்ற கதவு வழியாக வந்தவர்களில் பெரும்பாலோர் ஊசிக்குப் பயந்தவர்கள், இணையத்தில் படித்தவர்கள், மருத்துவரிடம் நேரம் கிடைக்காதவர்கள். 2013இல் நிறைவேறிய சட்டம், மறு ஆண்டு மார்ச் முதல் அதை மருத்துவம் சாரா விலக்கு என்று பெயர் மாற்றியது. மருத்துவரிடம் பேசியோ இணையத்தில் காணொலி பார்த்தோ சான்று வாங்க வேண்டும் என்றது. முதல் ஆண்டு எண்ணிக்கை இறங்கியது, பிறகு ஏறிவிட்டது. 2023-24இல் மழலையர் வகுப்பில் 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2024இல் எங்கள் மாநிலத்தில் 31 பேருக்குத் தட்டம்மை வந்தது, 1991க்குப் பிறகு அதுவரை அதுதான் அதிகம்.

விலக்கையே எடுத்துவிட 2019இல் ஒரு மசோதா வந்தது. ஆற்றுக்கு அக்கரையில், வாஷிங்டன் மாநிலத்தின் கிளார்க் கவுன்ட்டியில் 71 பேருக்குத் தட்டம்மை பரவியிருந்த நேரம். கீழவை நிறைவேற்றியது. மேலவையில் குடியரசுக் கட்சியினர் ஒரு வணிக வரிக்காக வெளிநடப்பு செய்து, அவை நடக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் செய்தார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவரப் பேசிய பேரத்தில் தடுப்பூசி மசோதா காவுபோனது. எந்த ஆயரும் அதைக் கொல்லவில்லை. கட்டடத்தை நிறைத்து நின்றவர்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்திருந்த பெற்றோர்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் சுதந்திரம் பற்றித்தான். ஆனால் அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலம் செய்ததைப் பாருங்கள். தட்டம்மை ஊசிக்குத் தனிப்பட்ட கருத்து என்ற விலக்கை எடுத்தது, மத விலக்கைத் தொடவில்லை. நியூயார்க்கும் மேய்ன் மாநிலமும் மட்டுமே அந்த ஆண்டு மத விலக்கையே எடுத்தன. கேட்க ஆள் வராதபோதும் மதம் என்ற சொல்லின் மேல் கை வைக்கச் சட்டமன்ற உறுப்பினர்கள் தயங்குகிறார்கள். சர்ச்சுகள் ஆட்டிவைக்கின்றனவா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. இந்தத் தயக்கத்தை அளக்கக் கருவி கிடையாது, ஆனால் குழு அறையில் உட்கார்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது உங்கள் அண்ணன். சக ஊழியர் சொன்னது பத்தாண்டுக்கு முந்தைய செய்தி. இப்போதைய படிவத்தில் என்ன மதம் என்று யாரும் கேட்கப்போவதில்லை, ஆகவே பொய் எழுதும் தேவையும் இல்லை. ஆனால் அந்த விலக்குக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பேன். நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளின் அட்டையை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டிருக்கும். அரசு மருத்துவமனையில் போடுவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டுமான ஊசி. ஓரிகனில் பொன்னுக்குவீங்கியையும் சேர்த்துக் கேட்பார்கள். ஹெபடைடிஸ் ஏ, சின்னம்மை இரண்டும் நம் அரசுத் திட்டத்தில் இல்லை, இங்கே பள்ளிக்கு வேண்டும். குறைவது அநேகமாக இந்த மூன்றாகத்தான் இருக்கும். அட்டையில் தேதிகள் நாள், மாதம் என்ற வரிசையில் இருப்பதைப் பள்ளி அலுவலகம் மாதம், நாள் என்று படித்துவிட்டு, வயதுக்கு முன்பே போட்டது செல்லாது என்று தள்ளுவதும் உண்டு. அதை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு கவுன்ட்டி சுகாதார அலுவலகத்துக்குப் போகட்டும். காப்பீடு இல்லாத பிள்ளைகளுக்கு ஊசிமருந்துக்குப் பணம் வாங்க மாட்டார்கள், போடுவதற்குச் சிறிய கட்டணம் இருக்கலாம். பிப்ரவரி மூன்றாம் புதன்கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். அன்றைக்குத்தான் ஊசிக் கணக்கு சரியில்லாத பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கடிதங்களை மடித்து உறையில் போடுவது ஒவ்வோர் ஆண்டும் எங்கள் அலுவலகத்தின் வேலை.